மொழிபெயர்ப்பவர் கவனத்துக்கு

செப்டம்பர் 12, செவ்வாய்

வக்கீல் அலுவலகத்து டெனிஸ் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். தினமும் எழுத வேண்டுமாம். எங்கே வலி, எவ்வளவு வலி, ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண், அன்றைக்கு எந்த வேலையைச் செய்ய முடியாமல் போனது. ஆங்கிலத்தில் வலியை எழுத எனக்கு வராது என்றேன். உங்கள் மொழியிலேயே எழுதுங்கள், மொழிபெயர்க்க ஆள் வைத்துக்கொள்கிறோம் என்றாள். இரண்டே நிபந்தனைகள். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. எழுதியதை அடிக்கக் கூடாது. எதிர்த்தரப்பு கேட்டால் இந்த நோட்டை அப்படியே கொடுக்க வேண்டியிருக்குமாம்.

ஆகவே முறைப்படி தொடங்குகிறேன். என் பெயர் ஆவுடையம்மாள். வயது முப்பத்தொன்பது. சொந்த ஊர் சங்கரன்கோவில், இருப்பது அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலம். கணவர் சங்கரலிங்கம். மகள் தேன்மொழிக்குப் பதின்மூன்று, மகன் கதிருக்கு ஆறு. கதிர் பிறந்த மூன்றாம் மாதம் என் கருக்குழாய்கள் இரண்டிலும் தலா ஒரு கம்பிச் சுருளை வைத்தார்கள், இனிப் பிள்ளை உண்டாகாமல் இருக்க. நிரந்தரம் என்றார்கள். அதில் பொய் இல்லை, வலி ஆறு வருடமாக நிரந்தரமாகத்தான் இருக்கிறது. அந்தச் சுருளைச் செய்த கம்பெனி மேல் நானும் இன்னும் பல பெண்களும் வழக்குப் போட்டிருக்கிறோம்.

இன்றைய வலி: 5. முடியாமல் போன வேலை: தோசைக்கல்லை மேல்தட்டிலிருந்து இறக்க முடியவில்லை. உப்புமா கிண்டினேன்.

மொழிபெயர்க்கப் போகிறவருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் அம்மாவா ஐயாவா தெரியாது. நான் எழுதுவதைத் தமிழிலேயே வாசிக்கப்போகிற ஒரே ஆள் நீங்கள்தான். அதனால் நடுநடுவே உங்களிடம் கொஞ்சம் பேசுவேன். அதையெல்லாம் மொழிபெயர்க்க வேண்டாம், விட்டுவிடுங்கள்.

செப்டம்பர் 13, புதன்

வலி 4. இரத்தப்போக்கு பதினொன்றாம் நாள். கதிருக்குப் பள்ளியில் படம் எடுக்கிறார்கள், நீலச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 17, ஞாயிறு

வலி 5. அவர் நாளைக் காலை கிளம்புகிறார். ஒவ்வொரு திங்களும் விமானம் ஏறி வேறு மாநிலத்துக்குப் போய் வேலை பார்த்துவிட்டு வியாழன் மாலை வருவார். பத்து வருடமாக இதே கூத்துதான். ஐந்து சட்டையைத் தேய்த்தேன். புளிக்காய்ச்சல் கிண்டி டப்பாவில் அடைத்தேன். நடுவில் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தேன். "வலிக்கா?" என்று கேட்டார். "கொஞ்சம்" என்றேன். "மாத்திரை போட்டியா?" என்றார். எங்கள் உரையாடல் இதோடு முடியும். கோபம் ஒன்றும் இல்லை, நல்ல மனுஷன். இரண்டு பேருக்குமே அதற்கு மேல் கேட்க வராது.

சுருளை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று டெனிஸ் எழுதச் சொல்லியிருந்தாள். எழுதுகிறேன். ஊரில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் என்றால் பத்து நாள் படுக்கலாம். அம்மா பூண்டுக் குழம்பு வைப்பாள், பக்கத்து வீட்டு மைனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவாள். இங்கே எனக்கு யார்? அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. அவருக்கு லீவு முடிந்துவிட்டது. அப்போதுதான் டாக்டர் சொன்னார்: வெட்டு இல்லை, தையல் இல்லை, பத்து நிமிட வேலை, முடிந்ததும் நீங்களே காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விழுந்தேன். யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று அவர் சொன்னது எனக்கு அன்று வரம் மாதிரி இருந்தது. நானே காரை ஓட்டிக்கொண்டு வந்தேன். வழியில் பால்கூட வாங்கினேன்.

செப்டம்பர் 20, புதன்

வலி 7. நான் ஓர் ஆரம்பப் பள்ளியில் மதிய உணவுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். தட்டுகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது அடிவயிற்றில் இடது பக்கம் யாரோ ஊசியால் கோத்து இழுத்த மாதிரி இருந்தது. எஃகு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட வேலை பார்க்கிற அம்மாள் "பீரியட்ஸா, ஹனி?" என்றாள். ஆமாம் என்றேன். ஆறு வருடமாக எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

எக்ஸ்ரேயில் இடது சுருள் இருந்த இடத்தை விட்டு நகர்ந்திருப்பதாகப் போன மாதம்தான் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்னால் பார்த்த நான்கு டாக்டர்களும் நாற்பது வயது வருகிறது, மனதைத் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒருவர் யோகா செய்யச் சொன்னார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா, என் பெயரைப் பார்த்துச் சொன்னாரா தெரியவில்லை.

வாயில் எப்போதும் பழைய சாவியைக் கடித்த மாதிரி ஒரு ருசி. முழங்கை, கழுத்து, முதுகெல்லாம் அரிப்பு. புது ஜீன்ஸ் வாங்கினேன், வழக்கம்போல் பொத்தானுக்குப் பின்னால் உள்பக்கம் பிளாஸ்திரி ஒட்டினேன். துவைத்தால் உரிந்துவிடுகிறது, வாராவாரம் ஒட்ட வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 21, வியாழன்

வலி 7. அவர் வந்தார். களைத்துப்போயிருந்தார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு ரசத்தைச் சூடாக்கி வைத்தேன்.

செப்டம்பர் 28, வியாழன்

வலி 4, ஆனால் இன்று வேறு சமாச்சாரம். டெனிஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து பழைய காகிதங்கள் வந்துவிட்டனவாம். சுருள் வைப்பதற்கு முன் நிரப்பின படிவத்தை எனக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். ஒன்பதாம் கேள்வி: உங்களுக்கு ஏதாவது உலோகம், குறிப்பாக நிக்கல், ஒவ்வாமை உண்டா? "இல்லை" என்ற கட்டத்தில் ஒரு டிக். அது அவருடைய டிக். வாலை நீட்டிப் போடுவார், வீட்டு மளிகைச் சீட்டிலும் அப்படித்தான்.

சுருளில் நிக்கல் இருக்கிறதாம். அக்டோபர் 24 அன்று எதிர்த்தரப்பு வக்கீல் என்னைச் சத்தியம் செய்ய வைத்துக் கேள்வி கேட்பார். இதை நிச்சயம் கேட்பார் என்றாள். பிறகு குரலைத் தணித்து, "வாட்ச், காதணி, பொத்தான், எதுவாவது உங்கள் தோலில் எப்போதாவது அரித்ததுண்டா?" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது.

செப்டம்பர் 29, வெள்ளி

சரஸ்வதி பூஜை. பிள்ளைகளின் புத்தகத்தோடு இந்த நோட்டையும் அடுக்கிச் சந்தனம் வைத்தேன். பூஜையன்று எழுதக் கூடாது என்பார்கள், ஆனால் டெனிஸ் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறாள். வலி 5.

இதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். விட்டுவிடுங்கள்.

எனக்குக் கவரிங் ஒத்துக்காது. நிக்கல், அலர்ஜி என்றெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. "பிள்ளைக்குக் கவரிங் ஒத்துக்காது, தங்கம்தான் ஒத்துக்கும்" என்பார்கள், ஏதோ நான் ராஜகுமாரி மாதிரி. பள்ளிக்கூடத்தில் கவரிங் ஜிமிக்கி போட்டு இரண்டு காதும் சீழ் பிடித்தது. அம்மா தேங்காயெண்ணெய் தடவிவிட்டு, "கொழுப்பப் பாரு இவ காதுக்கு" என்று சிரித்தாள்.

கல்யாணத்துக்குப் பேசின நகையில் ஆரம் மட்டும் கடைசிவரை அமையவில்லை. அம்மா நாகர்கோவில் கடையில் கவரிங் ஆரம் ஒன்று வாங்கி வந்தாள். தங்கத்துக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. அதன் பின்பக்கம் முழுக்க நிறமில்லாத நகப்பூச்சைத் தடவிக் காயவைத்து, "மூணு நாள் பல்லக் கடிச்சிக்கிட்டு இரு, பொறவு பெட்டியில வச்சிரு" என்றாள். முகூர்த்த வேர்வையில் நகப்பூச்சு எவ்வளவு நேரம் நிற்கும்? மறுவீட்டுக்குப் போகும்போது கழுத்தைச் சுற்றி ஆரம் கிடந்த இடமெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது. பவுடர் அப்பி, புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கப்படுகிற பெண் என்று நாத்தனார் மெச்சினாள்.

ஆரம் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. மாமியார் கேட்கும்போதெல்லாம் பாங்கு லாக்கரில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சுருள் வைத்த அன்று அவர் ஊரில் இல்லை, அதற்கு ஒரு வாரம் முன்னால் ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்து போனபோது அந்தப் படிவத்தை அவர்தான் வாசித்தார். நான் கதிருக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். "மெட்டல் எதுவும் ஒத்துக்காம போகுமா?" என்று கேட்டார். ஒரு நர்ஸ் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்டது அவர். இல்லை என்றேன். இரண்டு விநாடிகூட ஆகவில்லை.

அக்டோபர் 1, ஞாயிறு

வலி 6. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஏட்டி, அத இப்ப எதுக்குக் கிளறுத?" என்றாள். "பதினாறு வருசம் ஆயிட்டு. அவுகம்மை காதுக்கு எட்டுனா என்னத்துக்கு ஆகும்? ஒங்கப்பா பேரு என்ன ஆகும்?"

"அப்பா செத்து ஒம்பது வருசமாச்சும்மா."

"செத்தவுகளுக்குப் பேரு இல்லியா?"

"என் வயித்துக்குள்ள ரெண்டு கவரிங் கெடக்கும்மா. கழட்டிப் பெட்டியில வைக்க முடியல" என்றேன்.

அம்மா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சாப்ட்டியா?" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. அப்புறம் நானும் அழுதேன். பாத்திரம் தேய்க்கவில்லை, அதுவே இன்று முடியாமல் போன வேலை.

அக்டோபர் 3, செவ்வாய்

இருபத்தொன்பதாம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். நூல் தைத்த நோட்டு. ஒரு தாளைக் கிழித்தால் எதிர்ப்பக்கத்துத் தாளும் கழன்று வரும். கிழிக்கவில்லை. வலி 5.

அக்டோபர் 5, வியாழன்

வலி 4. தேன்மொழி பள்ளிச் சுற்றுலாப் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினாள், ஒரு கையெழுத்துப் போட வேண்டுமாம். மருத்துவக் குறிப்பு எல்லாவற்றையும் அவளே நிரப்பிவிட்டாள். ஒவ்வாமை: எதுவும் இல்லை. பேனாவை வைத்துவிட்டு அவள் தலைமுடியை ஒதுக்கிக் காதைப் பார்த்தேன். சிவந்து, துளையைச் சுற்றிப் பொருக்குத் தட்டியிருந்தது.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"மால்ல வாங்குன தோடும்மா. எப்பவும் இப்படித்தான் ஆகும். பெரிய விஷயம் இல்ல."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க எதையாவது என்கிட்ட சொல்றீங்களா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சும்மா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற மாதிரி சொன்னாள். அதுதான் சுருக்கென்றது. "எதுவும் இல்லை" என்பதை அடித்துவிட்டு "நிக்கல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொல்லிவிடுவேன். இங்கே எழுதிவிட்டேன், இனி அடிக்க முடியாது.

அக்டோபர் 8, ஞாயிறு

வலி எண்ணைக் கடைசியில் போடுகிறேன்.

மதியம் சாப்பிட்டதும் அவர் பெட்டியில் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தேன்.

"ஏங்க, ஆஸ்பத்திரியில அந்த ஃபார்ம நீங்கதான நிரப்புனீங்க?"

"ஆமா. நீ பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு இருந்த. நான் வாசிச்சு வாசிச்சுக் கேட்டேன்லா."

"அதுல ஒரு கேள்விக்கு நான் பொய் சொன்னேன்."

கை நிற்கவில்லை. காலரை நீவிக்கொண்டே இருந்தார்.

"மெட்டல் ஒத்துக்காதான்னு கேட்டீங்க, இல்லைன்னேன். எனக்குக் கவரிங் ஒத்துக்காது. கல்யாணத்துல போட்ட ஆரம் கவரிங்" என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"ஆரம் கவரிங்னு தெரியும். மறுவீட்டுக்குப் போன அன்னைக்கு நீ அசந்து தூங்கிட்டு இருந்த. கழுத்துல ஆரம் கெடந்த எடம் மட்டும் தடிச்சிருந்துச்சு. எங்க அக்காவுக்குக் கவரிங் போட்டா அப்படியேதான் வரும்."

"பொறவு ஏன் கேக்கல?"

"கேட்டா நீ குறுகிப் போயிருவல்லா. எங்கம்மைகிட்டயும் நான் மூச்சு விடல. லாக்கர்ல இருக்குன்னு நீ சொல்லும்போதெல்லாம் நானும் ஆமான்னுதான சொல்லிருக்கேன்."

உண்மைதான். ஒருதரம் எந்த பாங்கு என்று மாமியார் கேட்டபோது அவர்தான் ஒரு பாங்கு பெயரைச் சொன்னார். ஞாபகமில்லாமல் உளறுகிறார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். ஒரு நிமிடம் மனசு லேசாகிவிட்டது. பதினாறு வருடம் பவுடர் அப்பினதற்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவும் சிரித்தேன். அதன் பிறகுதான் உறைத்தது.

"அப்பம் அந்த ஃபார்ம்ல?"

அடுத்த சட்டைக்குக் கையை நீட்டினார்.

"கவரிங் எனக்கு ஒத்துக்காதுன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் இல்லைன்னு போட்டீங்களா?"

மடித்த சட்டையை எடுத்து உதறி மறுபடியும் மடித்தார். "நீ இல்லைன்னு சொன்ன. நான் எப்படி ஆமான்னு போட முடியும்? போட்டா எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரிஞ்சிரும்லா."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தோம். கீழே கதிர் கார்ட்டூன் பார்த்துச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"டாக்டர் கேட்டிருக்கணும். நிக்கல் இருக்குன்னு அவர் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லிருக்கணும்" என்றார்.

"சொல்லிருக்கணும்" என்றேன். "நீங்களும் சொல்லிருக்கணும். நானும் சொல்லிருக்கணும்."

வலி: 8.

அக்டோபர் 9, திங்கள்

அவர் போய்விட்டார். ஐந்தாவது சட்டையைக் கட்டிலிலேயே மறந்துவிட்டிருக்கிறார்.

அக்டோபர் 10, செவ்வாய்

வலி 6. உங்களிடம்தான் சொல்ல முடியும். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அவர் மேல் வந்தால் எளிதாக இருக்கும், சத்தம் போட்டுத் தீர்த்துவிடலாம். அந்த மனுஷன் செய்த தப்பு என் மேல் வைத்த இரக்கம். ஒரே வீட்டுக்குள் ஒரே ரகசியத்தை அவர் எனக்குத் தெரியாமலும் நான் அவருக்குத் தெரியாமலும் காவல் காத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். தனியாக இருக்கிறேன், தனியாக இருக்கிறேன் என்று நான் அழுத இத்தனை வருடமும் இந்த வீட்டில் இரண்டு பேர் தனியாக இருந்திருக்கிறோம்.

கம்பெனிக்காரன் எங்களை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறான். ஒரு கட்டத்தைப் போட்டு ஒரு டிக் வாங்கினால் போதும், மற்றதை எங்கள் மானம் பார்த்துக்கொள்ளும்.

அக்டோபர் 12, வியாழன்

வலி 5. டெனிஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வக்கீலும் அதே அழைப்பில் சேர்ந்துகொண்டார். நல்ல செய்தி, கெட்ட செய்தி இரண்டும் ஒன்றுதான் என்றார். உடம்பு அந்த உலோகத்தை ஏற்காது என்பதற்கு இதைவிடச் சாட்சி கிடையாது. ஆனால் நாங்கள் கேட்டோம், அவள் மறைத்தாள், கணவனும் மறைத்தான் என்று எதிர்த்தரப்பு இதை வைத்தே வழக்கை உடைக்கப் பார்க்கும். வழக்கில் ஒவ்வாமை பற்றிய பகுதி தள்ளுபடியாகவும் வாய்ப்பிருக்கிறது. சுருள் நகர்ந்தது மட்டும் மிச்சமிருக்கும்.

பொய் சொல்லச் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். கேட்டால் பதில் சொல்லுங்கள், கேட்காததை நீங்களாகச் சொல்ல வேண்டியதில்லை என்றார். இத்தனை வருடம் நான் வாழ்ந்த முறையே அதுதான் என்று அவருக்குத் தெரியாது.

இன்று இரவு விமானம் தாமதமாம், அவர் நாளைதான் வருவார்.

அக்டோபர் 18, புதன்

தீபாவளி. வலி 6. பிள்ளைகளுக்குப் பள்ளி உண்டு, லீவு கிடையாது. விடிவதற்குள் எழுப்பி எண்ணெய் வைத்தேன். கதிர் எண்ணெய் கண்ணில் பட்டுவிட்டது என்று ஊரைக் கூட்டினான். முறுக்கு சுற்றவில்லை, நிற்க முடியவில்லை. கடை முறுக்கு.

காலையில் அவர் கூப்பிட்டார். "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"எங்கம்மைகிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "எத?"

"ஆரத்த. கோர்ட்டு வரைக்கும் போவுது, வேற யாரும் சொல்லிக் கேக்க வேண்டாம்னு நானே சொல்லிட்டேன்."

"அத்தை என்ன சொன்னாவ?"

"கத்துனா. கத்தட்டும். ரெண்டு நாள் பேச மாட்டா." பிறகு, "அவளுக்கும் அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சாம்" என்றார்.

சந்தேகமாம். ஆக, எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. படிவத்துக்கு மட்டும்தான் தெரியவில்லை.

அக்டோபர் 23, திங்கள்

திங்கட்கிழமை. அவர் விமானம் ஏறவில்லை. நாளை எதிர்த்தரப்பு வக்கீல் விசாரிக்கும்போது என்னோடு வருகிறார். நவம்பரில் சுருள்களைக் கர்ப்பப்பையோடு சேர்த்து எடுக்கிறார்கள், அதற்கும் மூன்று வாரம் லீவு கேட்டிருக்கிறார். இரண்டு வாரம்தான் தந்தார்களாம். பூண்டுக் குழம்பு எப்படி வைப்பது என்று காலையில் அம்மாவிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தார். பூண்டை உரிக்க வேண்டுமா என்று அவர் கேட்டதும் அம்மா சிரித்தது ஸ்பீக்கரில் வீடு முழுக்கக் கேட்டது.

இந்த நோட்டை வாங்க டெனிஸ் நான்கு மணிக்கு வருகிறாள். கொடுப்பதற்கு முன் அவர் வாசிக்கக் கேட்டார். கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். வழியில் பால் வாங்கினேன் என்று எழுதியிருந்தேனே, அந்த இடத்தில் வெகுநேரம் இருந்தார். முடித்துவிட்டுப் பேனாவைக் கேட்டார். கீழே இருப்பது அவர் எழுத்து.

படிவத்தை நிரப்பியவன் நான். ஒன்பதாம் கேள்விக்கு உண்மையான பதில் எனக்குத் தெரியும். என் மனைவி வெட்கப்படக் கூடாது என்று "இல்லை" என்று போட்டேன். அவள் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு வந்தாள் என்பதை இன்றுதான் அறிந்தேன். நான் கேட்கவே இல்லை. சங்கரலிங்கம்.

மீண்டும் என் எழுத்து. வலி: 6. முடியாமல் போன வேலை என்று இன்று ஒன்றும் இல்லை, தோசைக்கல்லை அவர் இறக்கிக் கொடுத்தார்.

மொழிபெயர்ப்பவருக்கு. இத்தனை நாளும் நான் பேசியதற்கெல்லாம் நீங்கள் பதில் சொன்னதில்லை, சொல்லவும் முடியாது. ஆனாலும் நீங்கள் இருந்தீர்கள். விட்டுவிடுங்கள், விட்டுவிடுங்கள் என்று கேட்டிருந்தேன். தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள். நகப்பூச்சு, பவுடர், லாக்கர், வழியில் வாங்கின பால் எல்லாவற்றையும் போடுங்கள். வழக்கு போனாலும் போகட்டும். ஒரு வரிகூட விடாதீர்கள்.